தெரியலை என்றால் அபராதம்

பன்னிரண்டாம் வகுப்பு ரிசல்ட் வந்த வாரத்தில் திண்டுக்கல்லில் ஒரு பையன் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். "என்ன படிக்கிறதுன்னு தெரியலை" என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. ஃபெயிலானவனைக்கூட ஊர் மன்னித்துவிடும். அவனுக்குத் துணைத்தேர்வு இருக்கிறது, நேர்ந்துகொள்ளப் பழநி முருகன் பக்கத்திலேயே இருக்கிறார். பாஸாகி, நல்ல மார்க்கும் வாங்கிவிட்டுத் தெரியலை என்கிறவனை என்ன செய்வதென்றுதான் யாருக்கும் புரிவதில்லை. ஆகவே எல்லாரும் சேர்ந்து அவனுக்குப் பதிலாகத் தெரிந்துகொள்கிறார்கள்.

தாய்மாமனுக்குத் தெரியும். எஸ்எஸ்எல்சியோடு நின்று வெங்காய மண்டி வைத்தவர். நாளைக் காலையில் வெங்காயம் என்ன விலைக்குப் போகும் என்று கேட்டால், "அது வர்ற லோடைப் பொறுத்தது மாப்ள, இப்பவே எப்படிச் சொல்ல?" என்பார். நான்கு வருஷம் கழித்து ஐடி வேலை எப்படி இருக்கும் என்று கேளுங்கள், யோசிக்காமல் சொல்லிவிடுவார். பக்கத்து வீட்டு அக்காவுக்கும் தெரியும். அவர் மகன் பி.இ. முடித்து மூன்று வருஷமாக வீட்டில் செல்போனோடு படுத்திருக்கிறான். ஆனாலும் எந்தக் காலேஜில் பிளேஸ்மென்ட் நூறு சதவீதம் என்று தெருவில் அவரிடம்தான் விசாரிக்கிறார்கள். நியூ ஜெர்சியில் இருக்கும் சித்தப்பாவுக்குத் தெரியாமல் இருக்குமா? வாட்ஸ்அப்பில் குரல் பதிவு வருகிறது: "டேய் தம்பி, ரொம்ப யோசிக்காத. சிஎஸ் போடு. மத்ததெல்லாம் வேஸ்ட்டு." அவருடைய சொந்த மகள் அங்கே காலேஜில் இரண்டாம் வருஷம். எந்தப் பாடத்தில் பட்டம் வாங்கப் போகிறாள் என்று இன்னும் அறிவிக்கவில்லை. அமெரிக்காவில் அப்படிச் சேர இடம் உண்டு. "குழந்தை எல்லாத்தையும் எக்ஸ்ப்ளோர் பண்ணட்டும்" என்று சித்தப்பா பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார். கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தால் அது எக்ஸ்ப்ளோர். இந்தப் பக்கம் இருந்தால் அதே காரியத்துக்குப் பெயர் மந்தபுத்தி.

இவர்கள் எல்லாரும் சும்மா தெரிந்துகொள்கிறவர்கள். சம்பளத்துக்குத் தெரிந்துகொள்கிறவர்கள் தனி. ரிசல்ட் வருவதற்கு முன்பே வீட்டு நம்பருக்கு போன் வந்துவிடுகிறது. "மேம் பேசறேன், தம்பி பிளஸ் டூ முடிச்சிருக்காருல்ல?" பையன் பெயர், பள்ளிக்கூடம், எடுத்த குரூப்பு எல்லாம் அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருக்கிறது. எங்கிருந்து கிடைத்தது என்று கேட்டால் லைன் கட்டாகும். அடுத்த நாள் வேறொரு காலேஜிலிருந்து வேறொரு மேம். கல்யாண மண்டபத்தில் கல்விக் கண்காட்சி. போகிறவர்களுக்கு ஒரு பை, ஒரு பேனா, ஒரு ஜூஸ். ஊருக்குள் ஏஜெண்டு. ஒரு தலையைச் சேர்த்துவிட்டால் இவ்வளவு என்று அவருக்குக் கணக்கு. சில இடங்களில் அந்த ஏஜெண்டு, மாணவனுக்கு வகுப்பெடுத்த வாத்தியாராகவே இருப்பதும் உண்டு. "சார் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று அப்பா நம்புகிறார். சாருக்கும் சரியாகத்தான் இருக்கிறது.

இத்தனை பேர் வாயிலும் வராத உண்மை அந்தப் பையன் வாயில் வந்தது. பதினேழு வயது. பார்த்தது பள்ளிக்கூடம், வீடு, மலைக்கோட்டை, தியேட்டர். ஒரு வக்கீல் காலை பத்து மணிக்கு என்ன செய்கிறார், ஒரு புள்ளியியல்காரருக்கு யார் சம்பளம் தருகிறார்கள், சிவில் இன்ஜினீயர் வெயிலில் நிற்பாரா ஏசியில் உட்காருவாரா, எதையும் யாரும் அவனுக்குக் காட்டவில்லை. தெரியலை என்பதைத் தவிர அவன் வேறு என்ன சொன்னாலும் பொய். அந்தப் பொய்யைத்தான் மொத்த ஊரும் அவனிடம் எதிர்பார்க்கிறது.

இதில் இன்னொரு கேலிக்கூத்து. முடிவெடு முடிவெடு என்று நெருக்குகிறார்களே, அந்த முடிவில் முக்கால்வாசியை இரண்டு வருஷத்துக்கு முன்பே வேறு யாரோ எடுத்துவிட்டார்கள். பத்தாம் வகுப்பு மார்க்கைப் பார்த்து ஹெச்எம் ரூமில் ஒரே நிமிஷத்தில் நடக்கும் காரியம் அது. நல்ல மார்க்கா, ஃபர்ஸ்ட் குரூப். நடுத்தரமா, காமர்ஸ். குறைச்சலா, தொழிற்கல்வி. ஃபர்ஸ்ட் குரூப் கிடைத்த பையனுக்குக் கணக்கு பிடிக்குமா என்று யாரும் கேட்கவில்லை. காமர்ஸில் தள்ளப்பட்ட பெண்ணுக்கு நர்ஸ் ஆக ஆசை இருந்ததா என்றும் கேட்கவில்லை. பல கிராமத்து மேல்நிலைப் பள்ளிகளில் மொத்தம் இருப்பதே இரண்டு மூன்று குரூப்புதான். பஸ் போகிற ஊரில் இருக்கிற குரூப்புதான் பிள்ளைக்கு ஆர்வமான குரூப்பு. பதினைந்து வயதில் கதவுகளை ஒவ்வொன்றாக அடைத்துவிட்டுப் பதினேழு வயதில் "உனக்கு எது விருப்பமோ அதை எடுத்துக்க ராசா" என்று பெருந்தன்மை காட்டுகிறோம்.

இன்ஜினீயரிங் கவுன்சிலிங்குக்கு வருவோம். 1997-ல் ஒற்றைச் சாளர முறை வந்தது. அது நல்ல ஏற்பாடு. கல்லூரி கல்லூரியாக அலைந்து தாளாளர் காலில் விழ வேண்டியதில்லை என்று ஆக்கியது. நுழைவுத் தேர்வும் 2007-ல் ஒழிந்தது, அதுவும் நல்லதே. கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50, ஆக 200-க்குக் கட் ஆஃப். இரண்டு பேர் கட் ஆஃப் ஒன்றாக இருந்தால் கணக்கு மார்க்கைப் பார்ப்பார்கள், பிறகு இயற்பியல், இப்படி ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போய்ப் பிறந்த தேதிவரை வருவார்கள். அதுவும் ஒன்றாகவே இருந்துவிட்டால் சமவாய்ப்பு எண். அதாவது குலுக்கல். எனக்குப் பிடித்த இடம் இதுதான். இவ்வளவு பெரிய அரசாங்கம் "இதுக்கு மேல எங்களுக்குத் தெரியலைப்பா" என்று வெட்கமில்லாமல் ஒப்புக்கொள்கிற ஒரே இடம். அரசாங்கத்துக்குக் கிடைத்த அந்தச் சலுகை மாணவனுக்குக் கிடையாது.

2018-ல் கவுன்சிலிங் ஆன்லைனுக்குப் போனது. அதுவரை கிண்டிக்கு பஸ் ஏறிப் போய்த் திரைக்கு முன்னால் உட்கார்ந்து பையனே கைகாட்டிச் சீட்டு எடுத்தான். இப்போது பஸ் ஸ்டாண்டை ஒட்டிய சந்தில் பிரவுசிங் சென்டர் அண்ணன் எடுக்கிறார். ஒரு மத்தியானம் அங்கே நின்று பாருங்கள். மஞ்சப்பையில் சான்றிதழ்களோடு ஓர் அப்பா, ஒட்டன்சத்திரம் பக்கத்துக்காரர். தோளில் துண்டு, விரல் இடுக்கில் இன்னும் மார்க்கெட் மண். பையன் சுவரோரமாக நிற்கிறான். அண்ணன் திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல் கேட்கிறார்.

"எத்தனை சாய்ஸ் போடுவோம் தம்பி?"

பையன் அப்பாவைப் பார்க்கிறான். அப்பா அண்ணனைப் பார்க்கிறார்.

"சரி, ஒரு நூறு போட்டுருவோம். சிஎஸ், ஐடி, ஏஐ அண்ட் டிஎஸ், ஏஐ அண்ட் எம்எல், சைபரு. அப்புறம் இசிஇ."

"இதுல எது நல்லதுங்க தம்பி?"

"எல்லாம் நல்லதுதாங்கய்யா. மேல இருக்கிறது கொஞ்சம் நல்லது."

நான்கு இலக்கக் கல்லூரி எண்கள் ஒன்றின்கீழ் ஒன்றாக விழுகின்றன. காலையில் வந்த பையனுக்குப் போட்ட வரிசையே இவனுக்கும் போகிறது. அண்ணனைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. பிரிண்ட்டுக்குப் பக்கத்துக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு, நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்குக் கல்வி ஆலோசகராக இருக்கிறார். அந்த வேலைக்குச் சம்பளம் வாங்குகிறவர்கள் வேறு எங்கோ இருக்கிறார்கள். அரசு 2022-ல் 'நான் முதல்வன்' தொடங்கியது, வழிகாட்டிக் கூட்டங்கள் நடக்கின்றன, மறுக்கவில்லை. கலெக்டர் வருவார், குத்துவிளக்கு ஏற்றுவார்கள், ஆயிரம் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் மண்டபத்தில் ஒருவர் மைக்கில் உங்கள் கனவு என்ன என்று கேட்பார். ஆயிரம் பேருக்கு நடுவில் எழுந்து நின்று எவன் சொல்லுவான், எனக்குக் கனவு கினவெல்லாம் ஒன்றுமில்லை சார், எனக்குத் தெரியலை என்று? மத்தியானம் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு எல்லாரும் வீட்டுக்கு. சாயங்காலம் பிரவுசிங் சென்டர்.

அந்த ஒட்டன்சத்திரத்து அப்பாவை ஒரு நிமிஷம் உட்காரவைத்து விஷயத்தை அவர் பாஷையில் சொல்லியிருந்தால் அவரே தீர்ப்பு சொல்லியிருப்பார். தக்காளி பெட்டி நல்ல விலைக்குப் போன வருஷம் ஊரே தக்காளி நடும். எல்லார் தோட்டமும் ஒன்றாகக் காய்த்து வரும்போது பறிக்கிற கூலிக்குக்கூடக் கட்டாது, ரோட்டோரத்தில் கொட்டிவிட்டுப் போவார்கள். இன்ஜினீயரிங்கும் அதே நடவுதான். என்ன, இது நான்கு வருஷத்துப் பயிர். இன்றைய விலையைப் பார்த்து நட்டு, நான்கு வருஷம் கழித்து வரும் சந்தையில் விற்க வேண்டும். 2000-த்தில் கம்ப்யூட்டர் என்று ஓடினார்கள், படித்து வெளியே வந்தபோது டாட்காம் கவிழ்ந்திருந்தது. பிறகு மெக்கானிக்கல், சிவில் என்று ஓடினார்கள், பத்து வருஷத்துக்குள் அந்த வகுப்பறைகளில் பெஞ்சைத் துடைக்க ஆளில்லை. இப்போது ஏஐ. தக்காளிக்காரருக்காவது ஒரு சௌகரியம் உண்டு. இந்த வருஷம் நஷ்டப்பட்டால் அடுத்த போகம் முருங்கைக்கு மாறிவிடலாம், எவனும் அவருடைய பட்டாவைப் பிடுங்கி வைத்துக்கொள்ள மாட்டான்.

விதை விற்கிறவன் மட்டும் எந்த வருஷமும் நஷ்டப்படுவதில்லை. தொழில்நுட்பக் கல்விக்குக் காவல் நிற்கும் ஏஐசிடிஇ என்ன செய்தது தெரியுமா? ஒரு பாடப்பிரிவில் இத்தனை சீட்டுக்கு மேல் கூடாது என்று இருந்த வரம்பை, நன்றாக நடக்கும் கல்லூரிகளுக்கு 2024-25-லிருந்து எடுத்தேவிட்டது. கேட்கிறவன் இருக்கும்வரை விற்றுக்கொள் என்று பொருள். சிவில் சீட்டைச் சுருக்கு, சிஎஸ் சீட்டைப் பெருக்கு. புதுப் பாடத்துக்குப் புது வாத்தியார் எங்கே என்றுதானே கேட்கிறீர்கள்? 2024 ஜூலையில் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் பட்டியல் வெளியிட்டதே, நினைவிருக்கிறதா? அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரிகளில் 353 பேர் ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளில் முழுநேரப் பேராசிரியர்களாகக் காட்டப்பட்டிருந்தார்கள், சம்பந்தப்பட்டவை 224 கல்லூரிகள் என்று அது குற்றம்சாட்டியது. ஒரே ஆள் பத்துக்கு மேற்பட்ட கல்லூரிகளில் முழுநேரம். கண்ணன்கூட ராசலீலைக்குத்தான் அப்படிப் பல உருவம் எடுத்தான், இன்டர்னல் மார்க் போட எடுக்கவில்லை. பல்கலைக்கழகம் விசாரித்து முறைகேடு உண்மைதான் என்றது. ஒரு பையன் ஒரே படிப்பை முடிவு செய்ய முடியாமல் தவித்தால் அவனுக்கு கவுன்சிலிங். ஒரு பேராசிரியர் பத்துக் கல்லூரிகளில் எதை விடுவது என்று முடிவு செய்ய முடியாமல் இருந்தால் அந்தக் கல்லூரிகளுக்கு அங்கீகாரம்.

சரி, பையன் சேர்ந்துவிட்டான். மூன்றாவது மாதம் அவனுக்கு ஒரு விஷயம் தெரிகிறது. வாழ்க்கையில் முதல் தடவையாக அவனாகவே தெரிந்துகொண்டது: இது நமக்கு ஆகாது. ஊரின் எல்லா அறிவுரையையும்விட விலை உயர்ந்த அறிவு இது. இதோடு அவன் வெளியே வந்து, ஜி.டி.என். காலேஜிலோ காந்திகிராமத்திலோ தமிழோ பொருளாதாரமோ படிக்கலாம். முடியாது. டிசியும் மார்க் ஷீட்டும் கல்லூரி பீரோவில். பூட்டுக்குப் பேர்போன ஊர், 2019-ல் புவிசார் குறியீடுகூட வாங்கிவிட்டது, பீரோவுக்கு நல்ல பூட்டாகத்தான் போட்டிருப்பார்கள். "மீதி மூணு வருஷ ஃபீஸைக் கட்டிட்டு வாங்கிட்டுப் போங்க." அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்துவைக்கக் கூடாது, விலகுகிறவனுக்குக் கட்டணத்தை இன்ன தேதிக்குள் இவ்வளவு திருப்பித் தர வேண்டும் என்று யுஜிசி 2018-லேயே அறிவித்துவிட்டது. உயர் நீதிமன்றமும் சான்றிதழ் அடகுப் பொருள் அல்ல என்று சொல்லிச் சொல்லிச் சலித்துவிட்டது. அந்த யுஜிசி உத்தரவைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போகிற அப்பாவிடம் ஆபீஸ் சூப்பரின்டெண்டென்ட் என்ன சொல்வார்? "அதெல்லாம் டெல்லிக்குங்க. இங்க மேனேஜ்மென்ட் சொல்றதுதான்."

எனக்குக் கோபம் இங்கேதான். தெரியலை என்பது நோயில்லை. தெரியாமல் சேர்ந்து, தெரிந்தபின் மாறுவதுதான் உலகத்தில் மனிதர்கள் எதையும் கற்றுக்கொள்கிற வழி. அந்த மாறுகிற இடத்தில் போய் வசூல் சாவடி வைத்திருக்கிறோம். காசு உள்ளவன் கட்டிவிட்டுப் போகிறான். இல்லாதவன் பிடிக்காத படிப்பை நான்கு வருஷம் இழுத்து, அரியரோடு வெளியே வருகிறான்.

காந்திகிராமத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மதுரை ரோட்டில் சின்னாளபட்டி பக்கம் தினமும் மஞ்சள் நிறக் காலேஜ் பஸ்கள் அதன் வாசலைத் தாண்டி ஓடுகின்றன. அதை 1947-ல் ஜி. ராமச்சந்திரனோடு சேர்ந்து தொடங்கிய டாக்டர் டி.எஸ். சௌந்திரம், டி.வி.எஸ். நிறுவனத்தைத் தொடங்கிய டி.வி. சுந்தரம் அய்யங்காரின் மகள். சின்ன வயதில் கல்யாணம், டாக்டராக இருந்த கணவர் சீக்கிரமே இறந்துபோனார். அதற்குப் பிறகு டெல்லி லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, முப்பது வயதைத் தாண்டித்தான் மருத்துவரானார். 1962-ல் இதே திண்டுக்கல் தொகுதியிலிருந்து மக்களவைக்குப் போய் மத்தியக் கல்வித் துணை அமைச்சராகவும் இருந்தார். இன்றைக்கு அந்த அம்மாள் திண்டுக்கல்லில் ஒரு அட்மிஷன் கவுண்டரில் போய் நின்றால் முதல் கேள்வியே, "ஏம்மா இத்தனை வருஷம் கேப்பு?"

ஆனால் அந்தக் கதையை மேடைக்கு மேடை சொல்லிப் பிள்ளைகளை உசுப்பேற்றுகிறவர்களை நான் நம்புவதில்லை. டி.வி.எஸ். வீட்டுப் பெண்ணுக்கு நின்று யோசிக்கவும், தாமதமாகத் தொடங்கவும் வீட்டில் வசதி இருந்தது. வேடசந்தூர்ப் பக்கத்து ஊரில் ஸ்பின்னிங் மில்லுக்கு ஷிப்டு போகிற அம்மாவின் மகள் யோசிக்க நின்றால் என்ன நடக்கும்? அந்தத் தெருவுக்கு இரண்டு ஏஜெண்டுகள் வருகிறார்கள். ஒருவர் காலேஜ் ஏஜெண்டு, இன்னொருவர் மில் ஏஜெண்டு. இரண்டு பேரும் பேசுவது ஒரே தேன். ஹாஸ்டல் இருக்கு, சாப்பாடு இருக்கு, வேன் வரும், பாதுகாப்பா இருக்கும். சுமங்கலித் திட்டம் என்று மங்களகரமாகப் பெயர் வைத்து மூன்று வருஷ ஒப்பந்தத்தில் பெண் பிள்ளைகளை மில்லுக்குள் அடைத்த மாவட்டம் இது. புதுமைப் பெண் திட்டத்தில் வரும் மாதம் ஆயிரம் ரூபாய் பல பெண்களைக் காலேஜ் வாசல்வரை கொண்டுவந்திருக்கிறது, அது வாழ்க. ஆனால் இந்தப் பெண் ஒரு வருஷம், ஒரே ஒரு வருஷம், "யோசிச்சுச் சொல்றேன்" என்றால், அவள் யோசிப்பது மில் வேனின் ஜன்னலோரத்தில். பணக்கார வீட்டில் தெரியலை என்றால் தேடல். ஏழை வீட்டில் தெரியலை என்றால் நைட் ஷிப்டு.

உயர்கல்வியில் சேர்கிறவர்கள் தமிழ்நாட்டில் 47 சதவீதம், அகில இந்திய சராசரி 28 என்று 2021-22 கணக்கெடுப்பைக் காட்டி மார்தட்டுகிறோம். தட்ட வேண்டியதுதான், மூன்று தலைமுறை உழைத்து வாங்கிய எண் அது. சேர்ந்தவர்கள் எங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்பதற்கும் எண்கள் இருக்கின்றன, அவற்றை யாரும் ஃபிளக்ஸில் போடுவதில்லை. 2019 தொடக்கத்தில் சட்டமன்றச் செயலகத்தில் 14 துப்புரவுப் பணியிடங்களுக்கு 4,000-க்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள். அதில் பி.இ., எம்.டெக்., எம்.பி.ஏ. எல்லாம் இருந்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் கோவை மாநகராட்சியில் 549 தூய்மைப் பணியாளர் இடங்களுக்கு ஏறத்தாழ 7,000 பேர், அங்கேயும் இன்ஜினீயர்கள். தலைமுறை தலைமுறையாகச் சாதியின் பெயரால் அந்த வேலையில் தள்ளப்பட்டவர்களின் பிள்ளைகள், கடன் வாங்கிப் படித்து வெளியே வந்து, அதே வேலைக்கு வரிசையில் நிற்க நேர்ந்ததும் இந்த 47 சதவீதத்தின் கணக்கில்தான் வரும். 2016-ல் மதுரையில் சிவில் முடித்த ஓர் இளைஞர், இரண்டு லட்சத்தைக்கூட எட்டாத கல்விக் கடனுக்காக வசூல் ஏஜெண்டுகள் கொடுத்த நெருக்கடியில் உயிரை மாய்த்துக்கொண்டார். பொதுத்துறை வங்கி அந்தக் கடன்களைத் தனியார் நிறுவனத்துக்குத் தள்ளுபடி விலையில் விற்றிருந்தது. நிறுவனத்துக்குத் தள்ளுபடி. பையனுக்கு முழுத் தொகை.

அவர் சிவில் எடுத்தபோது சிவிலுக்குத்தான் மவுசு. மாமாக்கள் எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

மிச்சப் பேர் எங்கே? 2024-ல் டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வுக்கு 20 லட்சத்துக்கும் மேல் விண்ணப்பம், அறிவித்த இடங்கள் 6,244. தேர்வுக்குக் கேட்கும் அடிப்படைத் தகுதி பத்தாம் வகுப்பு. நான்கு வருஷம் படித்து, கடனை அடைத்துக்கொண்டிருக்கும் இன்ஜினீயர், ஹெச்எம் ரூமில் அந்த ஒரு நிமிஷத்தில் தன் குரூப்பைத் தீர்மானித்த அதே பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டைத் தேடி எடுத்து ஸ்கேன் செய்கிறார். பிரவுசிங் சென்டர் அண்ணனுக்கு இதற்கும் பக்கத்துக்கு இவ்வளவு.

அந்தச் சந்தைத் தாண்டி மாடிப்படி ஏறினால் கோச்சிங் சென்டர். வாசலில் புது ஃபிளக்ஸ், போன வருஷம் தேறியவர்களின் போட்டோக்கள், கீழே கொட்டை எழுத்தில்: "டிகிரி முடித்துவிட்டு அடுத்து என்ன செய்வதென்று தெரியவில்லையா? அட்மிஷன் நடைபெறுகிறது."